இடது பில்லரில் போட்ட பெல்ட்

டிரில் ஓட்டும்போது வெளியே என்ன வருகிறது என்று பாருங்கள். நல்ல தகடு என்றால் சுருள் சுருளாக மின்னிக்கொண்டு வரும். துருப்பிடித்த தகடு என்றால் காப்பிப்பொடி மாதிரி உதிரும். ஓட்டையை மூடப் பூசிய பட்டி என்றால் மாவுதான் கொட்டும். டிரில்லைப் பற்றி இதற்கு மேல் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. மற்றதையெல்லாம் நீங்கள் போனிலேயே பார்த்துக் கற்றுக்கொள்கிறீர்கள், என்னைவிட நன்றாகவும் செய்கிறீர்கள். நான் எழுத வந்தது, அந்த மாவைக் கண்ணால் பார்த்த பிறகும் போல்ட்டை முடுக்கிய ஒரு ஆளைப் பற்றி. அந்த ஆள் நான்தான்.

திருவொற்றியூரில் ஒரு சந்துக்குள் முப்பத்தெட்டு வருஷம் டிங்கர் வேலை பார்த்தேன். நசுங்கிய வண்டியை நிமிர்த்துவது, அரித்த தகட்டை வெட்டிப் புதுசு வைப்பது, பெயிண்டுக்குத் தயார் பண்ணிக் கொடுப்பது. எண்ணூர் ரோட்டில் ஓடும் டிரெய்லர்கள் உள்ளவரை நம் தொழிலுக்குப் பஞ்சமே வராது என்று நாங்கள் கிண்டல் பேசுவோம். டிங்கர் சங்கத்துப் பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்து, தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் செய்த கெட்ட வேலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

காசிமேட்டில் தேசப்பன் என்று ஒருவர் இருந்தார். சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், நான் அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் செய்த வண்டி. முன்பக்கம் ஒரே நீள சீட்டு, இரும்பு டேஷ்போர்டு, கொம்பு மாதிரி பெரிய ஸ்டியரிங். எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. படகை விற்றாலும் விற்பேன், வண்டியை விற்க மாட்டேன் என்பார், அதை அவர் பெண்டாட்டி எதிரிலேயே சொல்வார்.

அவர் பெண்டாட்டி கன்னியம்மா அண்ணி. மீன் ஏலம் கூறுகிறவர். துறைமுகத்தில் விடியற்காலையில் நூறு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், அதில் அண்ணியின் குரல் மட்டும் தனியாகத் தெரியும். ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் அதைத் தாண்டிக் கேட்கும். கூடை கீழே வைத்ததும் ஆரம்பித்தால் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார், நடுவில் ஒருத்தனைத் திட்டுவார், இன்னொருத்தனைக் கிண்டல் பண்ணுவார், விலை மட்டும் நிற்காது. மற்ற படகுக்காரர்களும் தங்கள் மீனை அண்ணி கூறட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த வீட்டில் படகு ஒரு பாதி சோறு போட்டது என்றால் அண்ணியின் தொண்டை மறு பாதி போட்டது.

தேசப்பன் வீடு கடலைப் பார்த்த தெருவில் இருந்தது. வண்டியை எப்போதும் ஒரே மாதிரிதான் நிறுத்துவார். வலது கதவைத் திறந்தால் வீட்டு வாசல், இடது பக்கம் முழுக்கக் கடல் காற்று. இருபது வருஷம் அப்படி நின்ற வண்டி என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலது பக்கம் கல் மாதிரி இருந்தது. இடது பக்கம் அப்பளம்.

அவர் மகள் சுகந்தியின் கல்யாணத்துக்கு முன்னால் வண்டியைப் புதுசாக்கித் தரச் சொல்லி என்னிடம் விட்டார். இடது பக்கம் நடு பில்லரில், அதாவது முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கிற தூணில், ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. கூரையோரத்திலிருந்து உப்புத் தண்ணீர் உள்ளேயே இறங்கி, தோள் உயரத்திலிருந்து கீழே ஒரு முழத்துக்கு அரித்திருந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ண வேண்டிய இடம். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வலை மாதிரி ஒரு துணியை உள்ளே திணித்து மேலே பட்டி பூசித் தேய்த்துவிட்டேன். பட்டி என்றால் நமக்குத் தெரியும். இதை உங்கள் வீட்டில் வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளத்தையும் ஓட்டையையும் மூடி, காய்ந்ததும் வழவழவென்று தேய்த்து, மேலே பெயிண்ட் அடிக்கிற பசைதான் பட்டி. பார்வைக்கு இரும்பு, பலத்துக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு அது பெரிய தப்பில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தத் தூணில் புதிதாக எந்தப் பாரமும் ஏறப்போவதில்லை, கல்யாணம் முடிந்து சாவகாசமாக வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் தேசப்பனிடம் அதைச் சொல்லவில்லை. வண்டி பாலாடை நிறத்தில் பளபளவென்று போனது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தேசப்பன் என்னைக் கூப்பிட்டு எல்லார் எதிரிலும் தோளில் கை போட்டு, "இவன்தான் பண்ணான்" என்றார். அதற்குப் பிறகு எங்கே போய்ச் சொல்வது.

அடுத்த வருஷம் சுகந்திதான் சீட் பெல்ட் பேச்சை எடுத்தாள். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு அப்பா எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவில் அந்த வண்டியை ஓட்டிப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. பெல்ட் போடாவிட்டால் சாவியைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவேன் என்று சொல்லி அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

"தோ பாரு, இடுப்புல கட்டுற மாதிரி ஒண்ணு போட்டு வுட்டுடு. இவ வாய மூடுனா போதும்," என்றார் தேசப்பன்.

"இடுப்புல மட்டும் கட்டுனா ஆள் மடங்கி முன்னாடி போய் மோதும் சித்தப்பா. தோள் மேல வரணும். நான் தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியும்," என்றாள் சுகந்தி.

அவள் சொன்னதுதான் சரி. தோளில் பெல்ட் வர வேண்டும் என்றால் மேல் போல்ட்டு நடு பில்லரில்தான் இறங்க வேண்டும். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த ஸ்க்ரூடிரைவர் ஞாபகம் வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். "பண்ணிடலாம்மா" என்றேன்.

மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் என்னை ஏமாற்றியது. அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட் மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்று புதுசு வாங்கினேன். வண்டித் தரையில் கீழிருந்து கெட்டித் தகடு கொடுத்து வெல்டு வைத்தேன். போல்ட்டும் துறைமுகத்துப் பழைய இரும்பில் பொறுக்கி எடுத்தது, வளையாது உடையாது என்று நம் பக்கத்தில் அதற்கு இருக்கிற மரியாதை உங்களுக்கே தெரியும். வலது பில்லரில் டிரில் இறங்கியதும் வெள்ளிச் சுருள் வந்தது. மனசு குளிர்ந்தது. இடது பக்கம் போனேன். முதலில் பெயிண்ட், பிறகு மாவு, பிறகு காப்பிப்பொடி. டிரில் சட்டென்று உள்ளே விழுந்தது.

தேசப்பன் வெளியே ஸ்டூல் போட்டுக் குந்தியிருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனேன். சொல்லிவிடத்தான் போனேன்.

"அண்ணாத்தே, இந்தாண்ட பக்கம் பில்லர கொஞ்சம் வெட்டினா நல்லாருக்கும்," என்றேன்.

"வெட்டறதா? இன்னாடா சொல்றே. பெயிண்டு மேல ஒரு கீறல் வுழக்கூடாதுன்னு நான் சொல்லிகினு கீறேன், நீ வெட்றேன்றியே."

"இல்ல, உள்ள தகடு கொஞ்சம்..."

"போன வர்சம் நீதானேடா ஷோக்கா பண்ணிக் குட்த்தே. அதுல இன்னா கொற?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மெய்யாலுமே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் வேலையின் மேல் அவ்வளவு நம்பிக்கை வேறு எவன் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

"ஒரு கொறயும் இல்ல அண்ணாத்தே," என்றேன்.

அவர் பெயிண்டைத் தொடாதே என்று சொன்னதை நான் சாக்காக வைத்துக்கொண்டேன். வண்டிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார், நான் என்ன செய்ய. உண்மையில் வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு பண்ண வேண்டிய விஷயத்தையே நான் அவரிடம் சொல்லவில்லை. இப்படி ஒரு சாக்கு உங்களுக்கும் வரும். வண்டிக்காரர் அவசரப்படுவார், கோபப்படுவார், பெயிண்டைப் பார்த்துக் கண் கலங்குவார். முதலில் விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டு, பிறகு அவர் வேண்டாம் என்றால் அது அவர் முடிவு. பாதி சொல்லிவிட்டு நிறுத்தினால் அது உங்கள் முடிவு.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை வெட்டி, பில்லருக்குள் விட்டு, எங்கே கொஞ்சம் இரும்பு மிச்சம் இருந்ததோ அங்கே பிடிக்கிற மாதிரி வைத்து முடுக்கினேன். பிறகு பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு காலையும் தூக்கித் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது. ஐந்தாறு முறை தொங்கினேன். தொங்குகிற ஆளின் பாரம் வேறு, ஓடுகிற வண்டி சட்டென்று நிற்கும்போது பாய்கிற ஆளின் பாரம் வேறு. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை மறக்கத்தான் அத்தனை முறை தொங்கினேன்.

மறுநாள் வண்டியை எடுக்க மூன்று பேரும் வந்தார்கள். சுகந்தி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தாங்குமா சித்தப்பா?"

"உங்கப்பன் படகயே கட்டி இழுக்கலாம்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் இடது கதவைத் திறந்து அண்ணியை உட்காரவைத்தேன். பெல்ட்டைத் தோள் மேல் எடுத்துக் கொக்கியில் மாட்டிக் காட்டினேன். அண்ணி சந்து முழுக்கக் கேட்கிற குரலில், "இன்னா நைனா, வலைல மாட்டுன மீனு கணக்கா கட்டிப் போட்டுட்டே," என்றார். வண்டி புறப்பட்டது.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், எண்ணூரில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றது. தேசப்பன் பிரேக்கை மிதித்தும் வண்டி போய் அதன் பின்பக்கத்து இரும்பில் இடித்தது. பெரிய வேகம் இல்லை. தேசப்பனுக்குத் தோளில் பெல்ட் அழுத்திய சிவப்புக் கோடு மட்டும்தான். இடது பக்கம் கீழே இரண்டு போல்ட்டும் நின்றன. மேல் போல்ட்டு தகட்டையும் பட்டியையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இடுப்பு கட்டியபடியே இருக்க, அண்ணியின் மேல் உடம்பு மட்டும் மடங்கி முன்னால் போனது. இரும்பு டேஷ்போர்டின் விளிம்பு தொண்டையில் பட்டது.

உயிர் பிழைத்தார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். இரண்டு ஆபரேஷன் நடந்தது. நாலைந்து மாதம் கழித்துக் குழாயை எடுத்தபோது குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் காதை வைத்தால் புரியும், ஒரு கை தள்ளி நின்றால் ஒன்றும் கேட்காது. டாக்டர்கள் இதற்கு மேல் தேறாது என்று சொல்லிவிட்டார்கள்.

விபத்து நடந்த அன்றைக்கே வண்டியை என் ஷெட்டுக்குத்தான் இழுத்துக்கொண்டு வந்தார்கள். வேறு எங்கே போவார்கள். இடது கதவைத் திறந்து பார்த்தேன். போல்ட்டு கொஞ்சம்கூட வளையவில்லை. அதன் கழுத்தில் கிழிந்த தகடு ஒரு சில்லு, அதில் ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பட்டி. நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதைக் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதையும் நான் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து சுகந்தி தனியாக வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பிலேயே வந்திருந்தாள். போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். விபத்து நடந்த இடத்திலேயே யாரோ எடுத்தது. அந்தப் போல்ட்டும் பட்டியும் அதில் தெளிவாக இருந்தன.

"இதுல மாவு மாதிரி வெள்ளையா இருக்கே, இது என்ன சித்தப்பா?"

அவளிடம் பொய் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பூசியது முதல் "ஒரு கொறயும் இல்ல" என்றது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். "பெயிண்டத் தொடாதேன்னு நான்தானே சொன்னேன்னு தலைல அடிச்சிக்குவாரு. படுத்துடுவாரு. நான் அம்மாவப் பாக்கறதா, அவரப் பாக்கறதா?"

நான் தலையாட்டினேன்.

"வூட்டுக்கு வர்றதையும் நிறுத்தாதீங்க. நிறுத்தினா ஏன்னு கேப்பாரு."

உள்ளதைச் சொல்கிறேன், அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் அப்பாவுக்காகக் கேட்டாள், நான் எனக்காக ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் தண்டனை. தேசப்பன் காசிமேடு முழுக்க என் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "இவன் போட்ட பெல்ட்டாலதான் என் பொண்டாட்டி உசுரோட கீறா" என்பார். நான் இருக்கும்போதே சொல்வார், என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். பழைய வண்டி வைத்திருக்கிறவர்களையெல்லாம் என்னிடம் அனுப்பினார். நான் யார் வந்தாலும் பில்லரைத் திறந்து பார்க்காமல் தொட மாட்டேன் என்றேன். பாதிப் பேர் பேஜார் பிடித்த ஆள் என்று திட்டிவிட்டு வேறு ஷெட்டுக்குப் போனார்கள். முன்பு நான் பெல்ட் போட்ட இரண்டு வண்டிகளைத் தேடிப் போய், என் செலவில் திறந்து பார்த்து மூடினேன். இரண்டும் நன்றாகவே இருந்தன. அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

அண்ணி ஏலத்துக்கு மறுபடி போனார். ஆனால் கூறுவது அவர் தங்கை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டுவார், தங்கை கத்துவார். அந்தப் பெண்ணின் குரலில் பலம் இருந்தது, அண்ணியின் கிண்டல் இல்லை. ஒருத்தன் வேண்டுமென்றே குறைத்துக் கேட்டால் அண்ணிக்கு வாய் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் சொல்ல வந்தது தங்கையின் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் கூடை கைமாறிவிடும். கொஞ்ச நாளில் மற்ற படகுக்காரர்கள் தங்கள் மீனை வேறு ஆளிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

போன வருஷம் தேசப்பன் இறந்துபோனார். நெஞ்சுவலி. கடைசி வரை என்னைப் பற்றி நல்லதாகவே நினைத்துக்கொண்டு போனார். அவர் காரியத்தில் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, அவரை ஏமாற்றியது இனி ஒருபோதும் சரியாகாது என்று உறைத்தது. ஒரு அறை விட்டிருப்பார், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், பிறகு வந்து டீ வாங்கிக் கொடு என்றிருப்பார். அந்த மனுஷனுக்கு அதைச் செய்ய ஒரு வாய்ப்பு நான் கொடுக்கவில்லை.

சுகந்தியிடம் கேட்டேன், அம்மாவிடம் சொல்லட்டுமா என்று. "இனிமே உங்க இஷ்டம் சித்தப்பா," என்றாள்.

ஒரு காலையில் துறைமுகத்துக்குப் போனேன். ஏலம் ஓய்ந்து, அண்ணி கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். ஸ்க்ரூடிரைவரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று தெரியும். அண்ணி முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையால் கிட்ட வரச் சொன்னார். காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு, அந்தாண்ட பக்கம் தாங்காதுன்னு?"

"தெரியும் அண்ணி."

பிறகு சொன்னார்:

"பின்னாடி சீட்ல குந்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நைனா. நான் குந்தியிருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னார். தங்கை கூப்பிட்டார், எழுந்து போய்விட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குத் தகட்டை வெட்டியிருக்க வேண்டாம். பெயிண்ட் கெட்டிருக்காது. தேசப்பனுக்குச் சந்தேகம் வராமல் ஏதாவது சாக்குச் சொல்லி, என் பெயரையும் காப்பாற்றிக்கொண்டே அதைச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் என்னென்னவோ நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன், அது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. கதவைத் திறந்துவிட்டவன் நான். அப்போது என் கண் அண்ணியின் மேல் இல்லை. பில்லரில் பட்டி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.